ராஜ்தூத் 350 விற்ற கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீ பத்து நிமிஷம் பேசணும்"னார். களிமண், கிளேஸ், சூளை என்று பேச இங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "அதெல்லாம் வேணாம்பா. நீ வண்டி வித்த கதையைச் சொல்லு. பசங்க எல்லாம் சைலன்சரை மாத்திக்கிட்டு சுத்துறானுங்க, பிரயோஜனமா இருக்கும்" என்றார். அதனால் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் அவரைத் திட்டுங்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ முடித்து, 1991-இல் வெளியே வந்தவன் நான். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட். கிட்-காட் ஃபியூஸ் செய்தோம். பிறகு வீட்டுக்கு வீடு எம்.சி.பி. ஸ்விட்ச் வந்து அந்த வியாபாரம் தேய்ந்தது. அகல் விளக்கு, பொம்மை என்று காலம் ஓடுகிறது.

1996-இல் ஒரு ராஜ்தூத் 350 வாங்கினேன். 1986 மாடல், பதினாறாயிரம் ரூபாய். இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. யமஹா ஆர்.டி. 350 என்ற ஜப்பான் வண்டியை எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-இல் இங்கே கொண்டு வந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த 'ஹை டார்க்' வண்டிக்கு 30.5 குதிரைசக்தி. பெட்ரோல் குடிக்கிறது என்று எல்லோரும் அலறவே, 27 ஆகக் குறைத்து 'லோ டார்க்' விட்டார்கள். என்னுடையது அந்த இரண்டாவது. அப்படியும் லிட்டருக்கு இருபதைத் தாண்டாது. அந்தக் கணக்காலேதான் தொண்ணூறுகளில் இந்த வண்டி மலிவாகக் கிடைத்தது. யாருக்கும் வேண்டாம். இன்றைக்கு அதே வண்டிக்கு லட்சக் கணக்கில் கேட்கிறார்கள்.

1998-லிருந்து 2011 வரை அதை நான் விடவே இல்லை. சிலிண்டருக்குப் போர்ட்டிங் செய்தேன். எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் போட்டேன். அது சூளைக்குப் புகைபோக்கி மாதிரிதான். நடுவில் விரிந்து, கடைசியில் குறுகும் குழாய். குறுகும் இடத்தில் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை, வாசல் மூடுவதற்கு முன் சிலிண்டருக்குள்ளே தள்ளிவிடும். புகைபோக்கி உயரம் தப்பினால் சூளை எப்படி அடம் பிடிக்குமோ, குழாய் நீளம் தப்பினால் இதுவும் அப்படித்தான். பிறகு டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, பின்னாளில் வந்த வேறொரு வண்டியின் ஃபோர்க்கும் டிஸ்க் பிரேக்கும். தாழ்ந்த ஹேண்டில், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட், வேறு டேங்க், வேறு சீட், சிவப்புக்குப் பதில் கறுப்பு பெயிண்ட். புதுப்பேட்டையில் நான் நுழையாத சந்து கிடையாது. எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டினால் ரூ. 1,38,400. என் மனைவி அந்த நோட்டைப் பார்த்தது 2019-இல்தான். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கழற்றிய ஒரிஜினல் சாமான்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அது புத்திசாலித்தனம் இல்லை, பயம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2001, 2006, 2011, 2016 என்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் மூட்டையை இறக்கி, பழைய டேங்க், பழைய சைலன்சர், டிரம் பிரேக் எல்லாம் மாட்டி, சிவப்பாக்கி, மாப்பிள்ளை மாதிரி கொண்டுபோய் நிறுத்துவேன். திரும்பி வந்ததும் மறுபடி பழைய வேஷம். பெருமைக்குச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. என் நோட்டைப் பார்த்தால் எத்தனை ஐயாயிரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த 2019-இல்தான் விற்க வேண்டி வந்தது. மகளுக்கு மேல்படிப்பு இடம் கிடைத்தது. முதல் தவணை ஒரு லட்சத்து இருபதாயிரம், ஆகஸ்ட் 5-க்குள் கட்ட வேண்டும். யூனிட்டில் பணம் இல்லை.

விலை போடுவது எப்படி? எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். வாங்கினது பதினாறாயிரம், செலவு ஒன்று முப்பத்தெட்டு, இத்தனை வருஷ உழைப்பு. ஆக இரண்டு லட்சம். இப்படித்தான் எல்லோரும் போடுகிறார்கள். முழுத் தப்பு. எனக்கு வாங்குகிறவர் அந்த நோட்டுக்காகப் பணம் கொடுக்க வரவில்லையே.

முதலில் ஒரு புரோக்கர் வந்தார். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "நாற்பத்தஞ்சு. அதுவும் பேப்பர் க்ளியரா இருந்தா." எனக்கு ரத்தம் கொதித்தது. "சார், போர்ட்டிங் பண்ணியிருக்கேன்"னேன். "அதனாலதான் சார் நாற்பத்தஞ்சு. யாரு கை வெச்சாங்க, எவ்ளோ தேய்ச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அன்றைக்கு அவரைத் திட்டினேன். இன்று யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லை.

இரண்டாவதாக வந்தது ஒரு பையன். நம்ம கல்லூரி மாணவர்தான், உங்களில் ஒருவர். எக்ஸ்பான்ஷன் சேம்பர் சத்தம் கேட்டதும் கண் விரிந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கக் கேட்டார். முழுப் பணம் என் கையில் இல்லாமல் நான் யாருக்கும் சாவி தருவதில்லை. மறுநாள் அப்பாவோடு வந்தார். நெல் போட்ட பணம், மஞ்சள் பையில் ஒரு லட்சத்து எழுபதாயிரம். "அண்ணே, பேரு மாத்தறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே. ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, இன்னைக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, 2008-க்குப் போகவேண்டும்.

அப்போது என்னிடம் ஒரு ஆர்.எக்ஸ். 100 இருந்தது. அதையும் விட்டுவைக்கவில்லை. இஞ்சினுக்கு வேகம் கூட்டினேன், பிரேக்கை அப்படியே விட்டேன். ஒரு மெக்கானிக்கிடம் விற்றேன். படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து. அவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு. 2011-இல் உளுந்தூர்பேட்டைப் பக்கம் அந்த வண்டி நடந்து போன ஒருவர் மேல் மோதியது. அவருக்கு ஒரு கால் போய்விட்டது. ஓட்டியவனை நான் பார்த்ததே இல்லை. இன்சூரன்ஸ் எப்போதோ காலாவதி. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது என் பெயர். சம்மன் எனக்கு வந்தது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு நான்கு வருஷம் நடந்தேன். "வித்துட்டேன் ஐயா" என்று சொன்னேன். யாருக்கு, எப்போது, பதிவு எங்கே என்று கேட்டார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கடைசியில் நான் கட்டியது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு கார் வழக்கில், கை மாறிக் கை மாறிப் போயிருந்தாலும் பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று சொன்னது. பேப்பரில் படித்தபோது எனக்குப் புதுசாக ஒன்றுமில்லை.

வழக்கு நடந்தபோது என் அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தார்கள். "யார் மேலம்மா பிராது குடுத்த?" என்று கேட்டேன். "உன் மேலதாண்டா" என்றார்கள். அந்தக் கால் போனவரை தீர்ப்பாய வராந்தாவில் ஏழெட்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை என்னிடம் கேட்டார்: "பிரேக்கு பிடிக்கலன்னு அந்தப் பையன் சொன்னானே, வண்டி அப்படித்தானா சார்?" நான் பதில் சொல்லவில்லை.

இதுதான் மஞ்சள் பையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. "தம்பி, பேர் மாத்தாம குடுக்க மாட்டேன். அதோட இந்த வண்டி உனக்கு வேணாம்"னேன். பையனுக்குக் கோபம். "நாங்க ஓட்ட மாட்டோமாண்ணே?" நன்றாகவே ஓட்டுவார். கீழே ஒன்றும் இல்லாமல் கிடந்து, ஒரு வேகத்துக்கு மேல் திடீரென்று முழு பலமும் ஒன்றாக வரும் வண்டி அது. எனக்கே பழக இரண்டு வருஷம் ஆனது. அப்பாதான் சட்டென்று புரிந்துகொண்டு, "வாடா போவலாம். நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்று பையை மடித்துக்கொண்டார். ஒன்று எழுபது வாசல் வரை வந்து திரும்பிப் போனது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக வந்தவர் பாண்டிச்சேரிக்காரர். பழைய வண்டிகள் சேர்ப்பவர். பெயிண்டையும் பார்க்கவில்லை, டிஸ்க்கையும் பார்க்கவில்லை. முதலில் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "பிளக்கைக் கழற்றலாமா?" என்றார்.

பீங்கான் படித்த நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை மூக்கு அலுமினாதானே. அது ஒரு சோதனைக் கட்டி மாதிரி, உள்ளே என்ன நெருப்பு எரிகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளும். இளம் பழுப்பாக இருந்தால் சரியான எரிப்பு. கறுப்பு என்றால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று அதிகம், சூடு அதிகம். வெள்ளை மேல் மிளகு தூவினது போல அலுமினியப் பொட்டு தெரிந்தால் பிஸ்டனே கரைய ஆரம்பித்துவிட்டது.

அவர் கேட்டபோது வண்டியில் இருந்தது புது பிளக். முதல் நாள் நான்தான் மாற்றினேன். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கப் போனவன், வராந்தாவில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து, உள்ளே போய்ப் பழைய பிளக் இரண்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். வலது பழுப்பு, இடது வெள்ளை. "இடது பக்கம் கிராங்க் சீல் காற்று வாங்குது சார். சீல் மாத்தணும், இஞ்சினை இறக்கணும்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "டீ கிடைக்குமா?" என்றார்.

டீ குடித்துக்கொண்டே விலை பேசினோம். வண்டிக்கு எழுபதாயிரம், சீலுக்கு எட்டாயிரம் கழித்து அறுபத்திரண்டு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரிஜினல் சாமான் ஏதாவது இருக்கா?" என்றார். பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். டேங்க், இரண்டு சைலன்சர், டிரம் ஹப், கார்புரேட்டர், மீட்டர், சைடு கவர், ஹேண்டில். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். நவராத்திரி கொலு மாதிரி இருந்தது. "இதுக்கு எண்பத்தஞ்சு" என்றார். புதுசு வருவது நின்று முப்பது வருஷம் ஆன வண்டிக்கு இந்தச் சாமான்தான் கிடைக்காதாம். நான் ஒன்று முப்பத்தெட்டு செலவு செய்து மாட்டியதெல்லாம் அவர் போய்க் கழற்றப் போவதுதான். ஆக மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரம்.

பாண்டிச்சேரி நமக்குப் பக்கம்தான், ஆனால் காகிதத்துக்கு அது வேறு மாநிலக் கணக்கு. படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஒரு லட்சம் முன்பணம் தந்தார். சான்று வரும் வரை வண்டி என் ஷெட்டிலேயே நின்றது. மூன்று வாரம் ஆனது. மீதிப் பணம் வந்ததும் ஆகஸ்ட் 2-ஆம் தேதி மகளின் ஃபீஸைக் கட்டினேன். வண்டியை மினி லாரியில் ஏற்றிய அன்று இரண்டு பேரும் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு நகல். அங்கே அவர் பெயருக்கு மாறிய ஆர்.சி. நகலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த 29, 30, 28 படிவங்களின் நகலும், அந்த நாற்பது பக்க நோட்டும் கையில் கொண்டு வந்திருக்கிறேன். பார்க்க விரும்பும் மாணவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் வரலாம். மஞ்சள் பை தம்பியும் இன்று பழைய மாணவராக இங்கே வந்திருக்கிறார், காலையில் பார்த்தேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. தம்பி, பக்கத்து இலையில் உட்காருப்பா. அந்த இடது பிளக் என் பையில்தான் இருக்கு, காட்டறேன்.