காதல் நாவல்கள்: ஒரு வாசகன் கருத்து

(திருவேங்கடத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"கூலிப் பிரச்னை இருக்கிறது, குடிதண்ணீர்ப் பிரச்னை இருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிட்டுக் காதல் நாவலைப் பற்றிப் பேசப் போகிறீராமே?" என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். ஆம், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தீப்பெட்டி ஆபீசில் பகலெல்லாம் குச்சி அடுக்கிவிட்டு வேன் ஏறுகிற பெண், வீடு போய்ச் சேருகிற வரைக்கும் படிப்பது நம்முடைய துண்டுப் பிரசுரத்தை அல்ல. கைபேசியில் வரும் தொடர்கதையைத்தான் படிக்கிறாள். பீடி சுற்றும் வீட்டுத் திண்ணையில் ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் இலை வெட்டிக்கொண்டே கேட்கிறார்கள். உழைக்கும் பெண்கள் இவ்வளவு ஆசையோடு ஒன்றைப் படிக்கும்போது, அதைப் புரட்டிக்கூடப் பாராமல் "குப்பை" என்று தள்ளுவது முற்போக்கு ஆகாது. சோம்பேறித்தனம் என்றுதான் அதற்குப் பெயர்.

நான் இலக்கிய விமர்சகன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பஸ்ஸிலும், கட்சி ஆபீசிலும், ராத்திரி கொசுக்கடியிலும் உட்கார்ந்து இருபதுக்கு மேற்பட்ட நாவல்களைப் படித்தேன். அச்சில் வந்தவை சில. கைபேசியில் வந்தவை பல. படித்தபோது மனதில் பட்டதைச் சொல்லுகிறேன்.

இது நேற்று முளைத்த விஷயம் அல்ல. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். பெண்கள் அடுப்படியில் ஒளித்துவைத்துப் படித்த காலம் அது. பின்னால் மாத நாவல்கள் வந்தன. ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் அதிகமான நாவல்கள் எழுதி, வாடகை நூலகங்களையே வாழவைத்தார். இங்கிலாந்தில் 1908இல் தொடங்கிய 'மில்ஸ் அண்ட் பூன்' கம்பெனி இதையே ஒரு தொழிற்சாலை உற்பத்தி போல நடத்திக்காட்டியது. 2009இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று, பதினெட்டு வயதைத் தாண்டி இருபதுகளில் நிற்கும் இளைஞர்களுக்கென்று ஒரு தனி ரகத்தைக் கேட்டு, அதற்கு 'நியூ அடல்ட்' என்று பெயரும் வைத்தது. படிப்பு முடிந்து, வேலைக்குப் போய், முதல் தடவையாகத் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் வயது. நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்த வயதில் தீர்மானிக்க எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

2014இல் பெங்களூரில் 'பிரதிலிபி' தொடங்கிய பிறகு தமிழில் நிலைமை அடியோடு மாறிவிட்டது. இன்றைக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, கட்டைவிரலால் ஒரு அத்தியாயத்தைத் தட்டி அனுப்புகிறார்கள். "யூடி எப்போ?" என்று வாசகிகள் விடிந்ததும் கேட்கிறார்கள். யூடி என்றால் அடுத்த அத்தியாயம். காத்திருக்க மாட்டாதவர்கள் காசு கட்டித் திறந்து படிக்கிறார்கள். இவ்வளவு பெண்கள் பேனா பிடித்த காலம் தமிழ்நாட்டில் முன்னால் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். அதை நான் மனதார வரவேற்கிறேன். தினசரி ஒரு அத்தியாயம் தராவிட்டால் வாசகி போய்விடுவாள் என்ற பயத்தில் எழுதுவது கிட்டத்தட்ட பீஸ் ரேட் வேலை என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்தக் கதைகளில் என்ன இருக்கிறது? முதலில் நல்லதைச் சொல்லுகிறேன். நான் படித்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கட்டம் உண்டு. கதாநாயகன் கதாநாயகியைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறான். அவள் முகம் வாடியிருப்பதைக் கவனிக்கிறான். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிறான். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண். மிச்சம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட பெண் இந்தக் கட்டத்தை இரண்டு தடவை படிப்பதில் என்ன ஆச்சரியம்? பங்களாவும் காரும் அவளை இழுக்கின்றன என்று நம் ஆண் தோழர்கள் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கஞ்சிதான் இழுக்கிறது.

அடுத்ததைச் சொல்லுகிறேன். 'ஆன்ட்டி ஹீரோ' கதை என்று ஒரு ரகம் இருக்கிறது. அவன் பெரிய தொழிலதிபன். ஏதோ ஒரு பழைய பகைக்காகப் பெண்ணின் கழுத்தில் பலவந்தமாகத் தாலி கட்டுகிறான். அறைகிறான், அறையில் பூட்டிவைக்கிறான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயதுச் சோகம் தெரியவருகிறது. நாற்பதாவது அத்தியாயத்தில் அவள் உருகிவிடுகிறாள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அவன் மேல் மனுக் கொடுக்க வேண்டியவள், அவனுக்குத் தலை துவட்டிவிடுகிறாள்!

தமிழனுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய தராசு இருக்கிறது. தொல்காப்பியம் காதலை ஏழாகப் பிரித்தது. நடுவிலுள்ள ஐந்துதான் அன்பின் ஐந்திணை. இரண்டு பேர் மனமும் ஒத்தவை. ஒருதலைக் காமம் கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. இந்த இரண்டையும் ஓரத்தில் நிறுத்திவைத்தார்கள். பெண் தன் மனதுக்குப் பிடித்தவனோடு ஊரை விட்டுப் போவதை 'உடன்போக்கு' என்று பெயரிட்டு, ஐந்திணைக்குள் இடம் கொடுத்துப் பாடினார்கள். இன்று ஆன்ட்டி ஹீரோவுக்கு நடுவீட்டில் பாய் விரிக்கிறோம். உடன்போக்குப் போனவர்களை அரிவாளோடு தேடுகிறோம்.

அமெரிக்காவில் கொலீன் ஹூவர் என்ற பெண் எழுத்தாளர் 2016இல் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' என்று ஒரு நாவல் எழுதினார். கோடிக்கணக்கில் பணம் புரளும் அதே காதல் நாவல் சந்தைக்குள் வந்த புத்தகந்தான். அதிலும் கணவன் அழகன், பெரிய டாக்டர், அவனுக்கும் சின்ன வயதுச் சோகம் உண்டு. அவன் அடிக்கிறான். அவள் அவனைப் புரிந்துகொள்ளுகிறாள். புரிந்துகொண்ட பிறகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுகிறாள். சந்தைக்குள் இருந்தபடியே ஒரு பெண்ணால் இதை எழுத முடிந்திருக்கிறது. வாசகிகளும் ஓடிப்போய்விடவில்லை. ஆகவே, "வாசகிகள் விரும்புவதைத்தான் எழுதுகிறோம்" என்ற சமாதானம் எனக்கு ஏற்கவில்லை.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். நான் படித்த இருபது சொச்சம் நாவல்களில் கதாநாயகனின் கண் என்ன நிறம் என்று தெரியும், கார் என்ன மாடல் என்று தெரியும். அவன் என்ன சாதி என்று ஒன்றில்கூடத் தெரியவில்லை. அவளுடைய சாதியும் தெரியாது. காதலுக்குக் குறுக்கே நிற்பது எது? ஒரு பொறாமைக்கார அத்தை மகள். ஒரு தவறான புகைப்படம். காதில் அரைகுறையாக விழுந்த ஒரு வாக்கியம். சாதியில்லாத ஊர் எங்கே இருக்கிறது, சகோதரிகளே? நானும் அங்கே குடியேறத் தயார்.

நம் ஊர்ப் பக்கம் காதலுக்குக் குறுக்கே நிற்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை நடுவீதியில் வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். 2025 ஜூலை 27இல், இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய பாளையங்கோட்டையில், கவின் செல்வகணேஷ் என்ற 27 வயது மென்பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். நன்றாகப் படித்தவர், நல்ல சம்பளம் வாங்கியவர். நாவலாசிரியர்கள் கதாநாயகனுக்குக் கேட்கிற தகுதிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. 2024 ஜூனில் அதே பாளையங்கோட்டையில், சாதி மறுத்துத் திருமணம் செய்த ஒரு ஜோடிக்குத் துணை நின்றதற்காக மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

வயதுக்கு வந்த இருவர் மணம் செய்துகொள்வதில் கூட்டம் கூடித் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது எந்த நாவலிலாவது வருகிறதா? "ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மாலை மாற்றினார்கள்" என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆபீசில் நடப்பதைத் தெரிந்துகொண்டு எழுதினால் ஒரு முழு நாவல் கிடைக்கும். இரண்டு பேரும் இந்துக்கள் என்றால் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும். மதம் வேறு என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போகவேண்டும். அதில் முப்பது நாள் நோட்டீஸ். பெயரும் விலாசமும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அந்த முப்பது நாளும் அந்தப் பெண் எங்கே தங்குவாள்? வேலைக்குப் போவாளா? பலகையைப் படித்துவிட்டு அவளுடைய வீட்டுக்குப் போன் செய்கிறவன் யார்? தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிற குமாஸ்தா யார்? "ராத்திரி எங்கள் வீட்டில் படுத்துக்கொள் தாயி" என்று கூப்பிடுகிற கிழவி யார்? முப்பது நாளுக்கு முப்பது யூடி எழுதலாம். ஒவ்வொன்றின் கடைசியிலும் வாசகிக்கு நெஞ்சு படபடக்கும். தவறான புகைப்படத்துக்கு அவசியமே இல்லை.

சாதியைப் போலவே வரதட்சணையும் இந்த நாவல்களில் கிடையாது. கதாநாயகன்தான் கோடீஸ்வரனாயிற்றே, அவன் எதற்குக் கேட்கப்போகிறான்? 1961இலேயே சட்டம் தடுத்த வரதட்சணைக்காக, நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகள் நூற்பாலை விடுதிகளில் மூன்று மூன்று வருஷம் அடைந்துகிடந்தார்கள். முடிவில் ஒரு மொத்தத் தொகை; அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர்! ஒரு காதல் நாவலுக்கு இதைவிடக் கசப்பான தலைப்பு கிடைக்காது.

இப்படிச் சொல்வதால், காதலை விட்டுவிட்டுப் போராட்டத்தை எழுதச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கதாநாயகி திடீரென்று எழுந்து நின்று பத்துப் பக்கம் பிரசங்கம் செய்கிற நாவல்களையும் நான் படித்திருக்கிறேன். அவற்றைவிட ஆன்ட்டி ஹீரோவே தேவலை. 1888இல் எங்கெல்ஸ், மார்கரெட் ஹார்க்னஸ் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்டனில் தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண்ணைக் கனவான் ஒருவன் ஏமாற்றும் கதையை அந்த அம்மாள் எழுதியிருந்தார். அரதப்பழைய கதைதான். எங்கெல்ஸ் அதை ஏளனம் செய்யவில்லை. பழைய கதையைப் பகட்டில்லாமல் உண்மையாகச் சொன்னதாலேயே அதைப் புதிதாக்கிவிட்டீர்கள் என்று பாராட்டினார். ஆசிரியரின் கொள்கை எவ்வளவுக்கு மறைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றார். உழைப்பாளிகள் தமக்குத் தாமே உதவிக்கொள்ள முடியாத வெறும் கூட்டமாக அதில் நிற்பதுதான் குறை என்றார்.

ருஷ்யாவில் செர்னிஷேவ்ஸ்கி சிறைக்குள் உட்கார்ந்து எழுதி 1863இல் வெளிவந்த 'என்ன செய்ய வேண்டும்?' நாவலும் ஒரு காதல் கதையே. தாய் பணக்கார மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள்; மகள் வெளியேறுகிறாள்; பிறகு பெண்களைச் சேர்த்துத் தையல் கூட்டுறவு நடத்துகிறாள். 1902இல் லெனின் தம் நூலுக்கு அந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டார். அத்தனை கெடுபிடியான மனிதர் ஒரு காதல் கதையை அவ்வளவு நேசித்தார்!

அவ்வளவு தூரம் ருஷ்யாவுக்குப் போவானேன்? பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 'கன்னிமை' என்று ஒரு சிறுகதை எழுதினார். வாரி வாரிக் கொடுத்த ஒரு பெண், கல்யாணமான பிறகு கணக்குப் பார்க்கிறவளாகிவிடுகிறாள். முன்பாதியை ஒன்றுவிட்ட சகோதரன் சொல்லுகிறான். பின்பாதியைக் கணவன் சொல்லுகிறான். கணவன் கெட்டவன் அல்லன்; யாரும் அறையவில்லை, பூட்டிவைக்கவில்லை. கல்யாணம் மட்டுமே நடந்தது. நம் காதல் நாவல்கள் எந்த இடத்தில் 'சுபம்' போடுகின்றனவோ, அந்த இடத்திலிருந்து இந்தக் கதையின் வலி தொடங்குகிறது. அதே கரிசல் மண், அதே கம்மங்கஞ்சி. இதை வாசித்துவிட்டு உங்கள் கைபேசிக் கதையையும் வாசியுங்கள். எது நெஞ்சில் தங்குகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

(உரை முடிந்ததும் ஒரு சகோதரி எழுந்து, "நானும் கைபேசியில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஹீரோ இன்ன சாதி, ஹீரோயின் இன்ன சாதி என்று எழுதினால் மறுநாளே ஊருக்குள் யாரைச் சொல்லுகிறாய் என்று கேட்பார்களே, அப்போது யார் வருவீர்கள்?" என்று கேட்டார். அதற்கு அளித்த பதில்:)

நியாயமான கேள்வி. புனைபெயரில் எழுதுங்கள். அது கோழைத்தனம் ஆகாது. பெரிய எழுத்தாளர்கள் பலர் புனைபெயரில் எழுதியவர்களே. ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதையும் மீறி வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள், ராத்திரியானாலும் வருவோம். முதல் அத்தியாயத்தை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். இங்கேயே உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.