'பால் ஒத்துக்கல'ன்னா எது ஒத்துக்கல?

'குழந்தைக்குப் பால் ஒத்துக்கல.' என் பையனுக்கு ஒன்றரை வயசு இருந்தப்ப எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லிட்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற பிரச்சினை ஒளிஞ்சிருக்குன்னு அப்ப தெரியாது.

ஒண்ணு, லாக்டோஸ். பாலில் உள்ள சர்க்கரை செரிக்காம வயிறு உப்பும், பேதியாகும். சின்னக் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் வயித்துப்போக்குக்கு அப்புறம் வந்து, சில வாரத்துல போயிடும்.

இன்னொண்ணு அலர்ஜி. இங்க சிக்கல் சர்க்கரை இல்ல, புரதம். குடிச்ச கொஞ்ச நேரத்துல தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வரலாம். மூச்சுத் திணறினா யோசிக்கவே வேண்டாம், 108.

என் பையனுக்கு வந்தது தடிப்பு. நான் வாங்கினது லாக்டோஸ் இல்லாத பால்! அதுல புரதம் அப்படியே இருக்கு. மாமியார் சொன்ன ஆட்டுப்பாலும் உதவாது, அதோட புரதமும் கிட்டத்தட்ட அதேதான்.

டாக்டர் முதல்ல கேட்டது, "எவ்வளவு குடிச்சான்? எத்தனை நிமிஷத்துல வந்துச்சு?" நான் முழிச்சேன். அன்னிலேர்ந்து எல்லாத்தையும் போன்ல நேரத்தோட குறிச்சேன், தடிப்பை ஃபோட்டோ எடுத்தேன். அதை வச்சுத்தான் தோல் டெஸ்ட்டே எழுதினார். அலர்ஜிதான்.

சில குழந்தைகளுக்கு அலர்ஜி மெதுவா, மலத்துல ரத்தமா தெரியும். அதுக்கு டெஸ்ட் பெருசா உதவாது. டாக்டர் சொல்படி 2 முதல் 4 வாரம் பாலை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்கணும். நிறைய பேர் நிறுத்துறதோட நின்னுடுறோம்.

பையனுக்கு இப்ப அஞ்சு வயசு. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி 'ம்மா, இதுல பால் இருக்கா?'ன்னு அவனே கேக்குறான்.