பாக்கெட் வந்துச்சு, பதில் எங்க போச்சு?

இன்னைக்கு ஒரு ராத்திரி முழுக்க நான் முட்டிக்கிட்டு நின்ன ஒரு நாட் பிரச்சனையைப் பத்திப் பேசலாம்.

ஃப்ரெண்டோட அக்கா ட்யூஷன் சென்டர் நடத்துறாங்க. மாடல் டெஸ்ட் எழுதுற சைட், ஆபீஸ்லயே ஒரு பழைய பிசியில ஓடுது. பழைய லைன் அடிக்கடி கட் ஆகுதுன்னு அதைப் பேக்கப்பா வச்சுக்கிட்டு, புது ஃபைபர் போட்டாங்க. டொமைனையும் புது ஐபிக்கு மாத்தியாச்சு. காலையில ஏழு மணிக்கு டெஸ்ட். ஆபீஸ் வைஃபைல 192.168.1.10-னு அடிச்சா சைட் வருது. வெளிய இருந்து வரவே இல்ல.

நான் போர்ட் ஃபார்வர்டிங் ரூலை அழிச்சு அழிச்சுத் திரும்பப் போட்டேன். மூணு மணி நேரம் காலி. "தம்பி, டெஸ்ட் தள்ளிப்போச்சுன்னு பசங்களுக்கு மெசேஜ் போட்டுடவா?"ன்னு அக்கா கேட்டாங்க. அப்பத்தான் உறைச்சது: பாக்கெட் எங்க தொலையுதுன்னு நான் பார்க்கவே இல்லையே!

முதல்ல, ரவுட்டர்ல இருக்கிற வான் ஐபியைப் பார்த்தேன். அது 100.64-ல இருந்து 100.127-க்குள்ள இருந்தா, கம்பெனி பக்கமே இன்னொரு நாட் இருக்குன்னு அர்த்தம். நம்ம ரூல் எதுவும் வேலைக்கு ஆகாது. இங்க அப்படி இல்ல, பப்ளிக் ஐபிதான்.

அடுத்து, சர்வர்ல டிசிபிடம்ப் ஓட விட்டு, மொபைல் டேட்டால இருந்து சைட்டைத் திறந்தேன். சின் பாக்கெட் வந்துச்சு. அப்போ ரூல் சரி! சர்வர் சின்-ஆக்கும் அனுப்புச்சு. ஆனா மொபைலுக்குப் போய்ச் சேரல.

மேக் அட்ரஸையும் சேர்த்துக் காட்டச் சொன்னேன். மாட்டிக்கிச்சு. பாக்கெட் வந்தது புது ரவுட்டர்ல இருந்து. பதில் போனது பழைய ரவுட்டருக்கு. சர்வர்ல ஐபியைக் கையால செட் பண்ணியிருந்தோம். அதுல டீஃபால்ட் கேட்வே இன்னும் பழைய 192.168.1.1.

நாட் முகவரியை மாத்தும்போது ஒரு டேபிள்ல குறிச்சு வச்சுக்கும். பதில் அதே ரவுட்டர் வழியாத் திரும்பினாத்தான் அது முகவரியைப் பழையபடி மாத்தும். பழைய ரவுட்டருக்கு இந்தக் கனெக்‌ஷனே தெரியாது. அது பதிலைத் தூக்கிப் போட்டாலும் சரி, தன்னோட ஐபியை ஒட்டி அனுப்பினாலும் சரி, மொபைல் ஏத்துக்காது. ஆபீஸுக்குள்ள சைட் வந்ததுக்குக் காரணம், ஒரே நெட்வொர்க்ல கேட்வேயே தேவையில்ல.

கேட்வேயை 192.168.1.254-னு மாத்தினேன். ஒரே வரி. பசங்க ஏழு மணிக்கு டெஸ்ட் எழுதினாங்க.

அடுத்த தடவை ரூல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, பாக்கெட் உள்ள வருதா, பதில் எந்த வாசல் வழியாப் போகுதுன்னு ரெண்டையும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.