புற்றுநோய்ச் சிகிச்சைத் திட்டத்தில் நோயாளியின் பங்கு

புற்றுநோய் ஒரே நாளில் தீர்க்கப்படும் நோயன்று. அறுவை, கதிரியக்கம், மருந்து என்னும் சிகிச்சை முறைகளுள் எதனை முதலில் மேற்கொள்வது, எதனை அடுத்து மேற்கொள்வது என்பதை மாதக்கணக்கில் வகுத்துக்கொண்டு நடத்தவேண்டிய நோய் அது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. சிகிச்சைத் திட்டத்தை வகுப்பவர் மருத்துவர். அதனைத் தாங்கி நடத்தவேண்டியவர் நோயாளி. இவ்விருவரும் கூடித் திட்டமிடுவதற்குக் கணினியும் கைப்பேசியும் எவ்வாறு துணைபுரியக்கூடும் என்பதே இவ்வுரையின் பொருள்.

காளஹஸ்தியின் நிலை

கண்ணப்பர் வழிபட்ட தலமெனத் தமிழர் போற்றும் காளஹஸ்தி, முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. அவ்வூரார்க்குப் பெரிய மருத்துவமனைகள் எட்டாத தொலைவில் இல்லை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் உள்ளது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அளித்த நிலத்தில், டாட்டா அறக்கட்டளையின் துணையோடு எழுந்த புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதத்தில் அங்கு திறக்கப்பட்டது. தமிழக எல்லையைக் கடந்தால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன.

எனினும், ஓரிடத்தில் திசுப் பரிசோதனை, மற்றோரிடத்தில் அறுவை, வேறோரிடத்தில் மருந்து என நோயாளி அலைய நேரிடுவதுண்டு. அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளி அறிந்ததோ தெலுங்கு, அல்லது தமிழ். பையில் சுமந்து செல்லும் தாள்களில் தம்மைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அவரே அறியார். இக்குறையை நீக்குவதே கணினிக் கருவியின் முதற்பணி.

முடிவு யாருடையது?

காளஹஸ்தியை அடுத்த சிற்றூரில் கூலி வேலை செய்யும் பெண் ஒருவருக்குத் தொடக்க நிலையில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகக் கொள்ளலாம். கட்டியை மட்டும் அகற்றிக் கதிரியக்கம் அளித்தாலும், மார்பகத்தை முழுவதும் அகற்றினாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒத்ததாகவே உள்ளது என்பதை, இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் முதல் வழியைத் தேர்ந்தால், பொதுவாக வாரத்தில் 5 நாட்களாக 3 முதல் 5 வாரங்கள் வரை கதிரியக்கத்திற்குச் சென்று வரவேண்டும். நாட்கூலி இழப்பு, பேருந்துக் கட்டணம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோர் யார் என்பன திசுப் பரிசோதனையில் தெரியமாட்டா. உடலை இழக்க விரும்பாமையும் அதில் தெரியாது. இவற்றை எடைபோட வல்லவர் அப்பெண்ணே. நடைமுறையிலோ, கணவரோ மகனோ மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க, நோயின் பெயரும் அவருக்கு மறைக்கப்படுவதுண்டு. தக்க வயதும் தெளிவும் உடையவரின் ஒப்புதலுக்கு மாற்றாக, அவசர நிலை அல்லாதபோது, அவருடைய தாயின் ஒப்புதலும் ஆகாது என உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது இங்குக் கருதற்பாலது.

கருவிகள் செய்யக்கூடியவை

முதலாவதாக, வல்லுநர் கருத்தை நோயாளியின் இருப்பிடத்திற்கே கொணரலாம். 2012-இல் தொடங்கப்பெற்ற தேசியப் புற்றுநோய் இணையத்தில் இன்று 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இணைந்துள்ளன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையோடு இணைந்து இயங்கும் நவ்யா என்னும் சேவையில், நோயாளி தம் அறிக்கைகளை அனுப்பினால், கணினி அவற்றை மருத்துவச் சான்றுகளோடு ஒப்பிட, வல்லுநர் ஆராய்ந்து எழுத்து வடிவில் கருத்துரைக்கின்றார்.

இரண்டாவதாக, 2021 செப்டம்பரில் நாடு முழுமைக்கும் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் 14 இலக்க எண்ணைக்கொண்டு, நோயாளியின் இசைவோடு அவருடைய ஆவணங்களை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றிற்கு அனுப்ப இயலும்.

மூன்றாவதாக, சிகிச்சைக் காலத்தில் நேரும் வலி, வாந்தி, சோர்வு ஆகியவற்றை நோயாளி வீட்டிலிருந்தே தெரிவிக்கலாம். முற்றிய புற்றுநோய்க்கு மருந்து பெற்ற 766 பேரைக்கொண்டு நியூயார்க் நகரில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. கணினி வழியே தம் உபாதைகளைத் தெரிவித்து வந்தோரின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டோருக்கு 26 மாதங்கள். கருவி நோயைக் குணப்படுத்தவில்லை, நோயாளி கூறியதைச் செவிலியர் உரிய காலத்தில் அறிந்தனர், அறிந்ததும் செயற்பட்டனர். கேட்பவர் இல்லாத இடத்தில் கருவியால் பயனில்லை என்பதும் இதனால் பெறப்படுகின்றது.

எச்சரிக்கை

வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி மகன் கையில் இருக்குமாயின், அதற்கு வரும் செய்தி தாய்க்குச் சேர்ந்ததாகக் கொள்ளவியலாது. எழுத்தறியாதார்க்கு எழுத்துத் திரை உதவாது. அவர் மொழியில் குரலாக ஒலிக்கவேண்டும். தனியார் தகவல்களைக் காக்க 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருப்பினும், பொருள் விளங்காமல் வைத்த கைந்நாட்டு மெய்யான இசைவு ஆகாது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும் ஆஷா பணியாளரும் இக்கருவிக்கும் நோயாளிக்கும் இடையே பாலமாக அமைதல் இன்றியமையாதது. அதற்கான பயிற்சியும் நேரமும் அவர்களுக்கு ஒதுக்கப்படவேண்டும்.

எத்தனை பேர் பதிவு செய்யப்பட்டனர் என்னும் கணக்கு எளிதில் கிடைக்கும். அதனையே வெற்றியின் அளவாகக் கொள்ளும் பழக்கமும் அலுவலகங்களில் உண்டு. இத்துறைக்கு அது போதாது. தமக்கு வந்துள்ள நோய் யாது, எந்தச் சிகிச்சை எதற்காக, அது எத்தனை நாள், வேறு வழி இருந்ததா என்பனவற்றை நோயாளி தம் சொந்தச் சொற்களில் கூறமுடிகின்றதா என்பதே உண்மையான உரைகல். சிகிச்சைத் திட்டத்தில் மருத்துவரின் முடிவுக்கு இடம் இருப்பதுபோல, நோயாளியின் விருப்பத்தை எழுதுவதற்கும் ஒரு வரி இருக்கவேண்டும். அவ்வரி நிரப்பப்படாத திட்டம் எத்துணை நுட்பமான கணினியில் எழுதப்பட்டாலும் பாதித் திட்டமே ஆகும்.