இன்பத்திற்காக ஒரு நூல்

(ஓர் ஊராட்சி நூலகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நூலக விழாவில் பேசுவோர் நூல்களின் பெருமையை எடுத்துரைத்து, எல்லோரும் படிக்கவேண்டும் என்று சொல்லி அமர்வது வழக்கம். நூல்களின் பெருமையை இங்கு எவரும் மறுக்கப் போவதில்லை. ஆகவே, 13 வயது முதல் 18 வயது வரையுள்ள நம் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

சிறு வயதில் படக்கதைகளை ஆவலோடு புரட்டிய பிள்ளை, ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் நூலகத்தின் பக்கமே வருவதில்லை. இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. “பாடத்தைப் படிக்காமல் கதைப் புத்தகம் எதற்கு?” என்று வீட்டில் கேட்கிறோம். பள்ளியிலும் அதையே கேட்கிறோம். படிப்பு என்றால் தேர்வு, தேர்வு என்றால் அச்சம் என்று பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. தேர்வு முடிந்த அன்றே புத்தகத்தை மூடி வைக்கிறவன், பிறகு அதைத் திறப்பதே இல்லை.

இன்பத்திற்காகப் படிப்பது வீண்பொழுது என்று எண்ணுவது தவறு. நல்லதொரு கதையில் ஆழ்ந்த பிள்ளை, நூறு பக்கங்களைக் களைப்பின்றிக் கடந்து செல்கிறான். புதிய சொற்களை அகராதியின்றியே பொருளுணர்ந்து கொள்கிறான். நீண்ட வாக்கியங்களைக் கண்டு மிரளாத பழக்கம் அவனுக்கு வந்துவிடுகிறது. நாளை கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பத்திரத்தையோ, பூச்சிமருந்துப் புட்டியின் மேலுள்ள எச்சரிக்கையையோ, அரசாங்க அறிவிப்பையோ பிறர் துணையின்றிப் படித்தறிய அந்தப் பழக்கமே கைகொடுக்கும். இந்தப் பயன் ஒருபுறம் இருக்க, தன் ஊரை விட்டு நகராமலே வேறு மனிதர்களின் சுகதுக்கங்களில் பங்கு கொள்வது இளமைக்குரிய பெரும் பேறு. அந்தப் பேறு நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று.

சீர்காழியில் பிறந்து, இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன், 1931-ஆம் ஆண்டில் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாம் விதி. இவற்றை நம் ஊர்களின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிழிந்துவிடும் என்று அஞ்சி அலமாரியில் பூட்டி வைத்த நூல் முதல் விதிக்கு மாறானது. பிள்ளை கேட்பதை விடுத்து நாம் விரும்புவதை அவன் கையில் திணிப்பது இரண்டாம் விதிக்கு மாறானது.

அதே 1931-ஆம் ஆண்டில் தஞ்சைச் சீமையில் மற்றொரு நற்செயலும் நடந்தது. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை பிள்ளை என்னும் பெரியவர், மாட்டு வண்டி ஒன்றில் நூல்களை அடுக்கிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். மக்கள் நூல்களைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நெல்லும் வைக்கோலும் சென்ற பாதையிலேயே நூல்களும் சென்றன. வாசகன் இருக்கும் இடத்திற்கு நூல் போகவேண்டும் என்பதே அவ்வண்டி நமக்குப் புகட்டும் பாடம்.

இன்று வசதிகள் பெருகியுள்ளன. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி நாம் செலுத்தும் வீட்டு வரியோடு, ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்கிறது. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டிடங்கள் எழும்பின. கட்டிடம் வந்துவிட்டது, நூல்களும் வந்துவிட்டன. கதவு எப்போது திறக்கிறது என்பதே கேள்வி. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் திறந்து, அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் மூடினால், அந்த நூலகம் யாருக்குப் பயன்படும்?

ஆகவே சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன். மாலை 5 மணி முதல் 7 மணி வரையும், விடுமுறை நாட்களில் காலையிலும் நூலகம் திறந்திருக்கட்டும். நூல் வாங்கும்போது இளைஞர்களின் விருப்பத்தைக் கேட்டறியுங்கள். துப்பறியும் கதையானாலும், விளையாட்டு வீரரின் வரலாறானாலும், சிரிப்புக் கதையானாலும் முகஞ்சுளிக்க வேண்டாம். முதற்படியில் கால் வைத்தவன்தான் அடுத்த படிக்கு ஏறுவான். பிடிக்காத நூலைப் பாதியில் திருப்பித் தரும் உரிமையும் அவனுக்கு இருக்கட்டும். படித்து முடித்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். நீதி என்ன என்று கேட்காதீர்கள். கேட்டால், அதுவும் பாடமாகிவிடும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பலர் முன்னிலையில் படிக்கச் சொல்லி நாணமடையச் செய்யலாகாது. வாரம் ஒருநாள் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கலாம். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் தொடர்கதையாக வந்தபோது, ஒருவர் படிக்கப் பலர் கேட்ட இல்லங்கள் உண்டு. அடுத்து என்ன நேரும் என்ற ஆவல் பிறந்துவிட்டால், பிள்ளை தானே நூலைக் கையிலெடுப்பான்.

கைபேசியைப் பற்றிப் பெற்றோர் குறைபட்டுக் கொள்கிறார்கள். நம் கையில் நாள் முழுவதும் கைபேசியை வைத்துக்கொண்டு, பிள்ளையை நூல் படிக்கச் சொல்வதால் பயன் இல்லை. இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் பெரியவர்களும் படிப்பதைப் பிள்ளைகள் காணட்டும்.

இறுதியாக, நம் பெண் குழந்தைகள். வயது வந்த பெண் மாலையில் நூலகத்திற்குச் செல்வதா என்று தயங்கும் குடும்பங்கள் உள்ளன. தம்பி விளையாடப் போகிறான். அவளுக்கோ வீட்டு வேலை காத்திருக்கிறது. அவளது உலகம் குறுகிக்கொண்டே வரும் அந்த வயதில்தான் நூல் அவளுக்கு மிகவும் தேவை. நூலகத்தில் விளக்கும் கழிப்பறையும் அமைத்துக் கொடுங்கள். தாய்மார்கள் மகளை உடன் அழைத்து வாருங்கள். அதுவும் இயலாத வீட்டிற்கு நூல்கள் நேரே போகட்டும். மேலவாசலில் மாட்டு வண்டி செய்த பணியை இங்கு ஒரு மிதிவண்டி செய்ய இயலாதா? மகளிர் சுயஉதவிக் குழுவினர் மனம் வைத்தால் நிச்சயம் இயலும்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. திறவுகோலை வைத்திருப்பவரின் நல்லெண்ணமும், பெற்றோரின் இசைவும் இருந்தால் போதும். அடுத்த ஆண்டு விழாவில், எத்தனை நூல்கள் அலமாரியில் உள்ளன என்று நாம் கணக்கெடுக்க வேண்டாம். எத்தனை நூல்கள் வீடுகளுக்குச் சென்று பக்கம் மடங்கி, அட்டை தேய்ந்து திரும்பியிருக்கின்றன என்று கணக்கெடுப்போம். அந்தத் தேய்மானமே இந்நூலகத்தின் வருமானம்.