ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர் தேவையா?



'வீட்டுக்குள் திரையரங்கு' என்ற இந்தக் கலந்துரையாடலில் எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு சிறிய தலைப்பு. அதற்குப் பெயர் 'பை-ஆம்பிங்'. ஒரு ஸ்பீக்கர் பெட்டியை ஒரே ஆம்ப்ளிஃபையரால் இயக்காமல், இரண்டு ஆம்ப்ளிஃபையர்களால் இயக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தலைப்பு சிறியதுதான். ஆனால் நம் குடும்பங்களின் பணமும், பக்கத்து வீட்டாரின் தூக்கமும், பிள்ளைகளின் காதும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் மின்சாதனக் கடைக்குப் போனால், "அண்ணே, பெட்டிக்குப் பின்னால் நாலு முனை இருக்கு பாருங்க. இன்னொரு ஆம்ப்ளிஃபையர் போட்டா சத்தம் ரெண்டு மடங்கா வரும்" என்று சொல்லக் கேட்கலாம். தவணையில் வாங்கிய செட்டுக்கு இன்னும் பாதிக் கடன் பாக்கியிருக்கும். அதற்குள் இன்னொரு ஆம்ப்ளிஃபையருக்கு மனம் ஆசைப்பட ஆரம்பித்துவிடும். அந்தப் பேச்சு உண்மையா என்பதைப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சாதாரணமாக ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் இரண்டு வகையான ஸ்பீக்கர்கள் இருக்கும். பெரியது கனமான ஒலிக்கு. தவில், மிருதங்கத்தின் தொப்பி, வெடிச்சத்தம் எல்லாம் அதன் வேலை. சின்னது மெல்லிய, கூர்மையான ஒலிக்கு. ஜால்ரா, வீணையின் மீட்டு, பேச்சில் வரும் 'ச', 'த' போன்ற எழுத்துகளின் தெளிவு அதன் வேலை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து எல்லா ஒலியும் ஒன்றாகத்தான் வரும். அதைப் பிரித்து, கனமானதைப் பெரியதற்கும் மெல்லியதைச் சின்னதற்கும் அனுப்புவது 'கிராஸ்ஓவர்' எனப்படும் பகுதி. கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்ததுதான் அது.

சில பெட்டிகளில் பின்பக்கம் நான்கு முனைகள் இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. இரண்டையும் சிறு உலோகத் தகடுகள் இணைத்திருக்கும். அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு, மேலுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், கீழுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் என்று கொடுப்பதுதான் வீடுகளில் செய்யப்படும் பை-ஆம்பிங்.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், காண்டாக் கட்டையில் இரண்டு வாளி பாலை ஒரே ஆள் சுமந்து ஸ்டோருக்கு நடப்பதுபோல ஒற்றை ஆம்ப்ளிஃபையர். ஆளுக்கு ஒரு வாளி என்று இரண்டு பேர் தூக்கினால் அது பை-ஆம்பிங். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு செட்டில் நடப்பது வேறு.

இரண்டு ஆள், ஒரே சோற்றுப் பானை

ஏழு சேனல் ரிசீவர் வாங்கியவர்கள், பின்பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு உரிய இரண்டு சேனல்கள் சும்மா இருப்பதால், அவற்றை முன்பக்க ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதற்கான வசதி பல ரிசீவர்களின் அமைப்புப் பட்டியலிலேயே உண்டு. ஆனால் அந்த ஏழு சேனலுக்கும் மின்சாரம் தருவது உள்ளே இருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். வேலைக்கு இரண்டு ஆள் வந்தாலும் சோறு ஒரே பானையில் இருந்துதான் வருகிறது. அட்டைப்பெட்டியில் '100 வாட்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்த கணக்கு. ஏழும் சேர்ந்து ஓடினால் அந்த அளவு கிடைக்காது.

இன்னொன்று. இப்படிச் செய்யும்போது பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கும் முழு ஒலியும் போகிறது. ஒவ்வொன்றும் முழு வோல்டேஜையும் தூக்கியாக வேண்டும். மின்னோட்டச் சுமை மட்டுமே பங்கு பிரிகிறது. ஆகவே பை-ஆம்பிங் செய்ததால் மட்டும் சத்தம் இரண்டு மடங்காகிவிடாது.

சரி, வாட் இரண்டு மடங்கானால்கூட என்ன கிடைக்கும்? ஒலியை டெசிபெல் என்ற அளவால் அளக்கிறோம். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 50 வாட்டை 500 வாட் ஆக்க வேண்டும்!

அதுமட்டுமல்ல. பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்கள் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 90 டெசிபெல் வரை தருபவை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் நமக்கு அது ஏறக்குறைய 80 டெசிபெல். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபெல். அப்படியானால் நம் வீட்டு வரவேற்பறையில் படம் பார்க்கப் பெரும்பாலான நேரம் செலவாவது சில வாட்டுகளே. இருக்கிற சோற்றையே உண்ணாதவனுக்கு இன்னொரு பானை எதற்கு?

திருவிழாவில் மட்டும் எப்படி?

"அப்படியானால் தைப்பூசத்துக்கும் கலை நிகழ்ச்சிக்கும் ஒலிபெருக்கி போடுபவர்கள் ஏன் இரண்டு மூன்று ஆம்ப்ளிஃபையர் வைக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

அங்கே நடப்பதுதான் உண்மையான பை-ஆம்பிங். அவர்கள் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்குப் போவதற்கு முன்பே மின்னணுக் கருவி ஒன்றால் பிரித்துவிடுகிறார்கள். கன ஒலிக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், மெல்லொலிக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர். அவை நேரே அந்தந்த ஸ்பீக்கருக்குப் போகின்றன; இடையில் கம்பிச் சுருள் கிடையாது. கன ஒலி எல்லை மீறி உடைந்தாலும் மெல்லொலி கெடாது. சின்ன ஸ்பீக்கர் எரியாது. திறந்த திடலில் ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்க வேண்டுமென்றால் இது அவசியம்.

இதற்கு அடித்தளமான ஆய்வுகளில் ஒன்று 1976-இல் வெளிவந்தது. சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரு பொறியாளர்களின் பெயரில் 'லிங்க்விட்ஸ்-ரைலி' முறை என்று இன்றும் ஒலித்துறையில் வழங்குகிறது. இருவரும் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். அதே நிறுவனம்தான் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது. பினாங்கிலும் பிறையிலும் மின்னியல் தொழிற்சாலைகள் பெருகியபோது, கெடா தோட்டங்களிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போன நம் பெண்கள் எத்தனை பேர்! உலகம் கேட்கும் வானொலிகளையும் கருவிகளையும் பூட்டிய கைகள் அவை. அந்தக் கைகளுக்குச் சொந்தமான குடும்பங்களே இன்று கடைக்காரர் சொல்லுக்கு ஏமாறலாமா?

நம் வீட்டில் உண்மையான குறை எது?

1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியில் வந்த தமிழ்ப்படம். 2012-இல் வெளியான 'சிவாஜி' முப்பரிமாணப் படம் டால்பி அட்மோஸ் ஒலியில் வந்த முதல் இந்தியப் படம். ஒலியில் தமிழ்ப்படம் முன்னால் நின்றிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் கேட்கும் புலம்பல் என்ன? "சண்டை வந்தா காது கிழியுது, பேச்சு வந்தா ஒண்ணும் கேக்கல!"

இந்தக் குறைக்கு மருந்து இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் அல்ல. 5.1 ஒலி அமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில் வருகிறது. அதைத் தொலைக்காட்சி அலமாரியின் அடித்தட்டில், பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்போம். அதை வெளியே எடுத்துக் காது மட்டத்துக்கு நேராக வையுங்கள். ரிசீவரில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2, 3 டெசிபெல் கூட்டுங்கள். 'இரவு நேரம்' என்ற வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பெருஞ்சத்தம் தணிந்து சிறுசத்தம் எழும்பும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வயதாகும்போது முதலில் குறைவது மெல்லொலியைக் கேட்கும் சக்தி. பேச்சின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. ஆயுள் முழுவதும் பால் மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த தாத்தாவும் பாட்டியும் இன்று மகன் வீட்டு வரவேற்பறையில் பெரிய செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வசனம் புரியவில்லை. "என்னய்யா சொன்னான்?" என்று இரண்டு தடவை கேட்பார்கள், மூன்றாம் தடவை கேட்க மாட்டார்கள், எழுந்து அறைக்குப் போய்விடுவார்கள். மொத்தச் சத்தத்தைக் கூட்டினால் அவர்களுக்கு இரைச்சல்தான் கூடும். வசனத்தை மட்டும் கூட்டினால் அவர்களும் நம்மோடு இருப்பார்கள். ஒரு செட்டின் பயன் இதைவிட வேறென்ன?

சுவருக்கு அப்பால் ஒருவர் தூங்குகிறார்

தோட்ட லயங்களில் பலகைச் சுவர். ஒரு வீட்டு வானொலி நாலு வீட்டுக்குக் கேட்டது. அன்று அது எல்லோருக்கும் பொதுவான பாட்டு. இன்று பாடாங் செராயிலும் லூனாசிலும் பீடோங்கிலும் தாமான்களின் வரிசை வீடுகளில் இருக்கிறோம். இடையில் ஒரே செங்கல் சுவர். அதற்கப்பால் மலாய்க் குடும்பமோ சீனக் குடும்பமோ இருக்கலாம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் இளைஞர் இருக்கலாம்.

மெல்லொலியைச் சுவர் தடுக்கும். கன ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். இருபதடி அகல வீட்டைவிட நீளம். சப்-வூபரைச் சுவர் மூலையில் வைத்தால் உறுமல் இன்னும் கூடும். உங்களுக்குப் படம், பக்கத்து வீட்டுக்குச் சுவர் அதிர்வு. சப்-வூபரை மூலையிலிருந்து நகர்த்துங்கள். ஒரு வழி சொல்கிறேன்: சப்-வூபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, அறையைச் சுற்றி மெதுவாக நடந்து பாருங்கள். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே சப்-வூபரை வையுங்கள். பிறகு குறைந்த சத்தமே போதும் என்று தெரியும். வெறும் டைல்ஸ் தரையில் ஒரு கம்பளமும், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையும் போட்டால் எதிரொலி குறையும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபெல் இரைச்சலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிட எல்லை. நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் 85-தான். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். இரண்டரை மணி நேரப் படத்தை அந்தச் சத்தத்தில் பார்க்கும் பிள்ளையின் காதைப் பற்றி நினைத்துப் பாருங்கள். போன கேள்விச்சக்தி திரும்பி வராது.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு

ஆசைப்பட்டு பை-ஆம்பிங் செய்பவர்கள் மூன்று எச்சரிக்கைகளை மறக்கக்கூடாது.

ஒன்று, பின்பக்க உலோகத் தகடுகளைக் கழற்றாமல் இணைக்காதீர்கள். கழற்றாவிட்டால் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் ஒன்றோடொன்று மோதி எரிந்துபோகக்கூடும்.

இரண்டு, வெவ்வேறு வகை ஆம்ப்ளிஃபையர்களைக் கலந்தால் ஒன்றின் ஒலி உயர்ந்தும் மற்றொன்றின் ஒலி தாழ்ந்தும் இருக்கும். அளவைச் சமப்படுத்தாவிட்டால் முன்பிருந்ததைவிடக் கெட்டுப்போகும்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் வந்ததும் சில வீடுகளில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். அதை நிறுத்த, பிளக்கைத் திறந்து பச்சை-மஞ்சள் எர்த் கம்பியைக் கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோளாறு ஏற்பட்டால் 230 வோல்ட் மின்சாரம் இரும்புப் பெட்டியில் வந்து நிற்கும். தொடுவது குழந்தையாக இருக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். அன்டனா கம்பியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் அன்டனாவையும் பிடுங்கிவிடுங்கள்.

இளைஞர்களுக்கு

ஒலியில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகளைத் திட்டாதீர்கள் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்கும் பையனிடம் ஒரு தொழில் இருக்கிறது. ஜித்ராவில் போலிமாஸ் இருக்கிறது. கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா போலிடெக்னிக் இருக்கிறது. மின்னியலை முறையாகப் படித்தால், கோயில் திருவிழாவுக்கும் திருமண மண்டபத்துக்கும் ஒலி அமைக்கிற தொழிலை அறிவோடு நடத்தலாம். செட் வாங்கிக் கடனாளி ஆவதைவிட, செட்டைப் புரிந்துகொண்டு சம்பாதிப்பது மேல்.

முடிவாக, வீட்டில் பை-ஆம்பிங்கால் கிடைக்கும் பலன் மிகச் சிறிது. பணம் இருந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கர், பிறகு அதை வைக்கும் இடம், பிறகு அறை. இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் கடைசி. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் நடு ஸ்பீக்கரை அலமாரியின் அடியிலிருந்து வெளியே எடுங்கள். தாத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இப்போ கேக்குதா?" என்று கேளுங்கள். கேட்கிறது என்று அவர் சொல்லிவிட்டால், கடைப்பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை.