நாளொழுக்கமும் உடல்நலமும்

உடல்நலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் மக்களுட் பெரும்பாலாரின் எண்ணம் மருந்துக்கடையை நோக்கியே செல்கின்றது. வேறு சிலர், யாரோ சொன்ன அரிய மூலிகையையோ விலையுயர்ந்த சத்துமாவையோ தேடி அலைகின்றனர். ஒரு வாரம் கடும் பத்தியமும் மறுவாரம் விருந்துமாக உடலை அலைக்கழிப்போரும் உளர். உடலோ இத்தகைய திடீர் முயற்சிகளுக்கு இணங்குவதன்று. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்யப்படும் செயல்களே அதனை ஆக்குகின்றன, அழிப்பனவும் அவையே. திருக்குறளில் மருந்து என்னும் பெயர் பூண்ட அதிகாரம், மூலிகை ஒன்றன் பெயரையேனும் கூறாது, உண்ணும் அளவையும் காலத்தையுமே பெரிதும் எடுத்துரைப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

முற்காலத்தவர் யாவரும் நோயற்று வாழ்ந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. அந்நோயை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சான்று வழங்கியது. தடுப்பூசியும் நல்ல மருத்துவமும் வேறு பல தொற்றுநோய்களையும் அடக்கிவிட்டன. ஆயின் அவை விட்டுச்சென்ற இடத்தில் நீரிழிவும், உயர் குருதி அமுக்கமும், இருதய நோயும் வந்து அமர்ந்துள்ளன. இன்று இந்நாட்டில் நிகழும் மரணங்களுட் பெரும்பாலானவற்றுக்கு இவைபோன்ற தொற்றா நோய்களே காரணம். நுளம்பை மருந்து தெளித்து விரட்டியதுபோல் இவற்றை விரட்டுதல் இயலாது. இவை வீட்டினுள்ளேயே, உண்கலத்திலும் நாற்காலியிலும் வளர்கின்றன. பரம்பரையும் முதுமையும் இவற்றுக்குத் துணைசெய்யலாம். அவற்றை மாற்றும் வல்லமை எவர்க்கும் இல்லை. நாளொழுக்கத்தை மாற்றும் வல்லமையோ யாவர்க்கும் உண்டு.

முன்னாளில் உடலுக்கு வேண்டிய உழைப்பைத் தேடிச் செல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கீழே நின்று நீர் இறைத்தார். பெண்கள் உரலில் நெல்லைக் குத்தினர், அம்மியில் அரைத்தனர், குடம் சுமந்தனர். சந்தைக்கும், கோயிலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் கால்நடையாகவே சென்றனர். அவர்களுள் எவரும் உடற்பயிற்சி செய்வதாக எண்ணியதில்லை. தொழிலே பயிற்சியாயிற்று. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் வேலையை ஏற்றது. ஆலை உரலின் வேலையை ஏற்றது. மோட்டார்ச் சைக்கிள் கால்களின் வேலையை ஏற்றது. இவற்றால் மக்களின் துன்பம் குறைந்தது உண்மை. மீண்டும் துலா மிதிக்கும்படி எவரையும் கேட்டல் அறிவுடைமையாகாது. ஆனால் அந்த வேலைகளோடு கூட உடலுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த நன்மையும் போய்விட்டது. போனதை இனி அறிந்தே திரும்பக் கொணர்தல் வேண்டும்.

நடத்தலின் பயனை விளக்கும் வரலாறு ஒன்று இலண்டன் மாநகரிலிருந்து கிடைக்கின்றது. மொரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவரும் அந்நகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் வேலைசெய்தோரை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். சாரதியும் நடத்துநரும் ஒரே வண்டியில் ஒரே வீதியிற் செல்பவர்கள். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருக்கின்றார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குகின்றார். சாரதிகளைக் காட்டிலும் நடத்துநர்களிடையே மாரடைப்புக் குறைவாக இருந்தது. வேலையிற் சேரும்போதே இருசாராரின் உடலமைப்பும் வேறுபட்டிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. அதனையும் அவர்கள் ஆராயாது விடவில்லை. அதன்பின் உலகின் பல பாகங்களில் நடந்த ஆராய்ச்சிகள் உடலுழைப்பின் நன்மையை மேன்மேலும் உறுதிப்படுத்தின. மொரிஸ் 1910இற் பிறந்து 2009இல், நூறு வயதை எட்டும் தறுவாயில் மறைந்தார்.

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பிற் கழித்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 30 நிமிட விரைவான நடை என்று இதனைக் கொள்ளலாம். அந்த 30 நிமிடத்தையும் ஒருங்கே ஒதுக்க இயலாதவர் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பஸ்சில் ஒரு தரிப்பிடம் முன்னதாக இறங்கி நடப்பதும், அருகிலுள்ள கடைக்கு வண்டியை எடுக்காது செல்வதும், இராவுணவின்பின் முற்றத்திற் சிறிது உலாவுவதும் இதில் அடங்கும். உண்டபின் நடக்கும் சிறுநடை குருதியிற் சர்க்கரை மிக ஏறாது தடுக்க உதவும்.

அடுத்து உணவு. இங்கும் ஆலை செய்த மாற்றம் ஒன்றைக் கருதுதல் நன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவில் பெரிபெரி என்னும் நோய் பலரை வாட்டியது. கால்கள் மரத்து, வீங்கி, ஈற்றில் இருதயம் தளர்ந்து நோயாளர் மாண்டனர். அங்கிருந்த ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன், தம் ஆய்வுக்கூடக் கோழிகளுக்கும் அதையொத்த நோய் கண்டதைக் கவனித்தார். அவை வைத்தியசாலையில் எஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைத் தின்றுவந்தன. தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது நோய் நீங்கிற்று. தவிட்டோடு கழிக்கப்பட்ட சத்தே உயிர்காக்கும் சத்து என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதுவே இன்று தயமின் எனப்படும் விற்றமின். எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

நெல்லை அவித்துக் குற்றும் பழக்கம் இச்சத்தின் ஒரு பகுதியை அரிசியின் உட்புறத்தே செலுத்திக் காக்கின்றது. அறிவியல் காரணத்தைக் கண்டுபிடிக்கு முன்னரே புழுங்கலரிசி உண்ட மக்கள் அதன் பயனைப் பெற்றுவந்தனர். தவிடு முற்றிலும் நீங்காத சிவப்பரிசியும், குரக்கனும் நார்ச்சத்து மிக்கவை, மெல்லச் சீரணிப்பவை. எனினும் சிவப்பரிசியாயினும் அளவு கடந்தால் நீரிழிவுக்காரருக்கு அது நன்மை செய்யாது. உண்கலத்திற் சோறு மலையாகவும் கறி மடுவாகவும் இருத்தல் தகாது. கலத்தின் பாதியை மரக்கறியும் இலைக்கறியும் நிறைக்கட்டும். கால்வாசியிற் சோறும், எஞ்சிய கால்வாசியில் மீனோ பருப்போ முட்டையோ அமையட்டும். வேலியில் நிற்கும் முருங்கையும் அகத்தியும், கிணற்றடியில் வளரும் பொன்னாங்காணியும் வல்லாரையும் பணம் கொடாமற் கிடைப்பவை. அருகில் நிற்பதனாலேயே அவற்றின் அருமை மறக்கப்படுகின்றது.

சீனியும் உப்பும் அமைதியாகச் செயற்படும் பகைவர். ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி இடும் ஒருவர் நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பாராயின், எட்டுத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 32 கிராம் சீனி தேநீரில் மட்டுமே உட்செல்கின்றது. 25 கிராமுக்கு உட்பட்டிருத்தல் சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் வர்ணக் குறிகள் 2016ஆம் ஆண்டில் இலங்கையிற் கட்டாயமாக்கப்பட்டன. சிவப்புக் குறி மிகுதியைக் காட்டும். உப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பும் இக்கணக்கிற் சேரும். இவற்றை ஒரேநாளில் ஒழிக்க முயல்வோர் பெரும்பாலும் தோற்கின்றனர். வாரந்தோறும் சிறிது குறைத்துவரின் நாவும் சில வாரங்களில் அச்சுவைக்குப் பழகிவிடும்.

வெளியே சென்று வந்தோர் கைகால் கழுவியபின்னரே வீட்டினுட் புகுதல் தமிழர் வழக்கம். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று வந்தபோது கடைவாயில்கள்தோறும் நீரும் சவர்க்காரமும் வைக்கப்பட்டன. அச்சம் தணிந்தபின் அவை பல இடங்களில் அகன்றுவிட்டன. உண்ணுமுன்னும் மலங்கழித்தபின்னும் சவர்க்காரமிட்டு 20 விநாடி கை கழுவுதல் வயிற்றோட்டம் முதலிய நோய்களைத் தடுக்கும் எளிய காவல். இது தொற்றுக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. அவ்வாறே உறக்கமும். வளர்ந்தோர்க்கு ஏழு மணி நேரமேனும் துயில் வேண்டும். படுக்கையிற் கைபேசியின் ஒளி கண்ணில் விழுந்துகொண்டிருக்கும்வரை நல்ல துயில் வருதல் அரிது. புகைத்தலையும், வெற்றிலையோடு புகையிலை மெல்லுதலையும் குறைத்தல் போதாது, விட்டொழித்தலே வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. நல்லொழுக்கம் நோயைத் தடுக்க உதவும். வந்த நோய்க்கு மருத்துவர் தந்த மருந்தை அது நீக்கிவிடாது. கீரையை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தியோர் பின்னர்க் கண்ணொளியையும் காலையும் இழக்க நேரலாம். குருதி அமுக்கமும் நீரிழிவும் வலியின்றி வளர்வன. ஆதலின் நடுவயதை எய்தியோர் நோய்க்குறி தோன்றுமட்டும் காத்திராது, அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் செய்யப்படும் பரிசோதனையைப் பெற்றுக்கொள்ளுதல் கடமை. வீட்டிலுள்ள தாய்மார், கணவனையும் பிள்ளைகளையும் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டுத் தம்மை மறந்துவிடுவது பெருவழக்கு. அவர்களும் செல்லல் வேண்டும்.

இவ்வொழுக்கங்களைப் பிள்ளைகளுக்குப் பாடமாக ஓதுதலால் மட்டும் பயன் விளையாது. தந்தை அயற்கடைக்கு நடந்து சென்றால் மகனும் நடப்பான். தாய் தன் கலத்தில் இலைக்கறியை விரும்பி இட்டுக்கொண்டால் மகளும் கேட்டு வாங்குவாள். யாவற்றையும் நாளைக்கே தொடங்குதல் வேண்டுமென்பதில்லை. கேட்கும் நேயர் ஒவ்வொருவரும் இவற்றுள் ஒன்றைத் தெரிந்து, தேநீரிற் குறையும் அரைக்கரண்டிச் சீனியாயினும் சரி, மாலையில் நடக்கும் பத்து நிமிடமாயினும் சரி, அதனை ஒரு மாதம் தவறாது கைக்கொள்வாராக. அது பழக்கமாகிவிட்டபின் இரண்டாவது ஒழுக்கம் எளிதாகும்.